பின்பக்கத்து வெயில்

அண்ணன் போனில் சுற்றி வளைக்கவில்லை. "ஞாயித்துக்கிழமை காலையில வர்றோம். அம்மாவும் வர்றாங்க. உன் வீட்டைப் பார்த்துட்டு அன்னிக்கே முடிவு பண்ணிடலாம்."

"என்ன முடிவு?"

"எனக்கு மாற்றல் வந்தாச்சு. அங்க கம்பெனி குடுக்கிற வீடு மாடியில. லிஃப்ட் கிடையாது. அம்மா அந்த முட்டியை வச்சுக்கிட்டு எப்படி ஏறுவாங்க? முதியோர் இல்லம் ஒண்ணு பார்த்து வச்சிருக்கோம். தோட்டம் இருக்கு, உட்கார பெஞ்ச் இருக்கு. டாக்டர் தினமும் காலை வெயில் படணும்னு சொல்லியிருக்கார், அதுக்கு வசதியா இருக்கும்."

"அம்மாவை நான் வச்சுக்கறேன்னு அன்னிக்கே சொன்னேனே."

"எங்க வச்சுக்குவ வௌவாலு? அந்தக் குகையிலயா?"

வௌவால் என்பது அவன் வைத்த பெயர்தான். பார்சல் கிடங்கில் இரவு ஷிஃப்டில் சேர்ந்த புதிதில் கிண்டலாக வைத்தான். வருஷக்கணக்கில் ஒட்டிக்கொண்டது. இப்போது கிடங்கும் இல்லை, ஷிஃப்டும் இல்லை. போன மாதம் பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போதே கையுறையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தவள், திரும்பிப் போகவில்லை. அடுத்த வாரம் ஓர் அச்சகத்தில் பகல் வேலைக்குச் சேர வேண்டும். பெயர் மட்டும் போகவில்லை.

"ஞாயித்துக்கிழமை வா, பார்த்துக்கலாம்" என்று சொல்லி போனை வைத்தாள். வைத்த பிறகுதான் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். குகை என்றது கொஞ்சம் மரியாதையான வார்த்தை என்றே தோன்றியது.

வாசல் பக்கம் அவள் படுக்கிற முன்னறை. நடுவில் ஹால். கடைசியில் பின்னறை. அதன் கதவைத் திறந்தால் மதில் வைத்த ஒரு துண்டு நிலம். வாழ்கிற வீடாக அதை அவள் நினைத்ததே இல்லை, தூங்குகிற இடம், அவ்வளவுதான். ஜன்னல்களில் அட்டை வைத்து, அதன் மேல் கறுப்பு பிளாஸ்டிக் போட்டு, பார்சல் டேப்பால் ஒட்டியிருந்தாள். பின்னறையில் உடைந்த நாற்காலிகளும் காலிப் பெட்டிகளும். பின்பக்க நிலத்தில் இடுப்பளவு களை, நடுவில் செத்துப்போன ஒரு வாஷிங் மெஷின்.

அம்மாவுக்குப் பின்னறை என்று முடிவு செய்தாள். கதவைத் திறந்ததும் தோட்டம், தோட்டத்தில் பெஞ்ச். முதியோர் இல்லத்தில் இருப்பது இங்கேயும் இருக்கும். இல்லையென்றால் அண்ணன் வாயை அடைக்க முடியாது.

களையைக் கையால் பிடுங்கினாள், கை கிழிந்தது. அடுத்த நாள் கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கினாள். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா.

"இந்த வீட்டுல ஆள் இருக்கா! நான் லைட்டு எரியறதைத்தான் பார்த்திருக்கேன். ஏதோ கம்பெனி குடோன்னு நினைச்சேன்."

"ஆள்தாங்க. இனிமே பகல்லயும் இருப்பேன்."

"நல்லது. அந்தக் களையை என் பக்கம் மட்டும் வீசிடாதே."

அவ்வளவுதான் அறிமுகம். அன்று மாலையே வௌவால் துணியோடு அவள் வாசலில் நின்றாள். திரைச்சீலை தைக்க வேண்டும், சனிக்கிழமைக்குள். தையல்காரம்மா துணியைத் தடவிப் பார்த்து, "யாருக்கு இவ்வளவு அவசரம்? மாப்பிள்ளை வீட்டுக்காரங்களா?" என்றாள்.

"அதைவிட மோசம். அண்ணனும் அண்ணியும்."

"அப்ப ரெட்டைத் தையல் போட்டுத் தர்றேன்."

பெயின்ட் வாங்கியது இருட்டிய பிறகு. கடைக் குழல்விளக்கில் அது வெளிர் சந்தன நிறமாக இருந்தது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுக்கொண்டே அடித்தாள், அப்போதும் சந்தனம்தான். காலையில் பின்கதவைத் திறந்தால் சுவர் நான்கும் மஞ்சள் காமாலை வந்தவன் கண் மாதிரி விழித்தன. அளவெடுக்க வந்த தையல்காரம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னு சொன்னே. சுவருக்குமா?" என்றாள். வௌவால் நேரே பெயின்ட் கடைக்குப் போனாள். வெள்ளை வாங்கி வந்து மீதிப் பெயின்டில் கலந்து மறுபடி அடித்தாள். தோள் கழன்று விழுகிறாற்போல் இருந்தது. கிடங்கில் இதைவிட மோசமாக வலித்திருக்கிறது. அப்போது யாருக்காகத் தூக்குகிறோம் என்று தெரியாது.

நர்சரிக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார். "இடத்துல வெயில் எப்படி?"

"நிழல்தாங்க. எப்பவும் நிழல்தான்."

சந்தேகமே இல்லாமல் சொன்னாள். விடிகாலையில் வேலை முடிந்து வந்து துணி காயப்போடும்போது அங்கே நிழல், சாயங்காலம் எழுந்து துணியை எடுக்கும்போதும் நிழல். வருஷக்கணக்காகப் பார்த்தது. அவர் நிழலுக்கான செடிகளாகப் பார்த்துக் கொடுத்தார். பெரணி, அகன்ற இலைக்காரர்கள், மெல்லிய தண்டில் தலை குனிந்து நிற்கிற சில. வாஷிங் மெஷினின் வயிற்றைக் கழற்றி, அந்த ஓட்டை போட்ட உருளையில் மண் நிரப்பிப் பெரணிகளை வைத்தாள். தண்ணீர் தேங்காத அருமையான தொட்டி. பழைய சாமான் கடையில் இரும்புப் பெஞ்ச் ஒன்று கிடைத்தது. கைப்பிடி இரண்டும் சுருள் சுருளாக, தூக்கினால் இடுப்பு முறிகிற கனம். வண்டிக்காரன் வீட்டுப் பக்கவாட்டில் இருந்த குறுகலான நடையில் அதை நுழைக்க முடியாமல் ஹால் வழியாகக் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனான். முன்கதவு அப்போது இரண்டு பலகையும் திறந்திருந்தது. அவன் போன வேகத்தில் ஒரு பலகையை அறைந்து சாத்த, துருப்பிடித்த தாழ்ப்பாள் அதோடு இறுகிக்கொண்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். நிலம் முழுக்க வெயில் கொதித்துக்கொண்டிருந்தது. பெரணிகள் கருகிச் சுருண்டிருந்தன. அகன்ற இலைகள் பழைய துணி மாதிரி தொங்கின. பெஞ்சில் கை வைத்தாள், சுட்டது.

காலையில் இந்த வீடே நிழல் போடுகிறது. சாயங்காலம் பின்மதிலுக்கு அப்பால் நிற்கிற உயரமான கட்டடம் நிழல் போடுகிறது. நடுவில் நடப்பதை அவள் பார்த்ததே கிடையாது. அந்த நேரத்தில் எல்லாம் அவள் போர்வைக்குள் இருந்தாள். வேலையை விட்ட பிறகும் மத்தியானத் தூக்கம் விடவில்லை, களை பிடுங்கியதும் காலையில்தான்.

உட்கார்ந்து அழுகிற ரகம் இல்லை அவள். முதலில் செடிகளைப் பக்கவாட்டு நடைக்கு இழுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினாள். பிறகு யோசித்தாள். அம்மாவுக்கு வேண்டியது காலை வெயில், தோட்டம் பெஞ்ச் என்ற அவசரத்தில் அதையே மறந்திருந்தாள். பின்பக்கம் அது வராது. அப்படியானால் எங்கே வரும்? தன் வீட்டில் சூரியன் எந்தப் பக்கம் வருகிறது என்று தனக்குத் தெரியவில்லை என்பது செருப்பால் அடித்தாற்போல் இருந்தது.

சனிக்கிழமை விடியும்போதே எழுந்து ஹாலில் நின்றாள். பின்னறை மங்கலாக இருந்தது. முன்னறைக் கதவுக்கு அடியில் மட்டும் ஒரு வெளிச்சக்கோடு.

உள்ளே போனாள். ஜன்னல் அட்டையின் ஓரத்தில் இருந்த கீறல் வழியாக வெயில் கத்தி மாதிரி நுழைந்து நேரே அவள் தலையணையில் விழுந்திருந்தது. இந்தக் கீறலோடு அவள் எத்தனை சண்டை போட்டிருக்கிறாள். டேப் மேல் டேப், அதன் மேல் மறுபடி டேப். எல்லா ஜன்னலையும் இந்த வாரம் பிரித்தவள், தன் அறை ஜன்னலை மட்டும் தொடவில்லை.

இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அட்டையோடு கொஞ்சம் சுவரும் பெயர்ந்து வந்தது. அறை முழுக்க வெயில். தும்மல் வந்தது.

மாற்ற வேண்டியதுதான். பின்னறையில் செய்ததெல்லாம் தப்பான அறையில் செய்தது. அம்மா முன்னறைக்கு, அவள் பின்னறைக்கு. ஜன்னலுக்கு வெளியே, கேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கிடக்கிற சிமென்ட் தரைதான் தோட்டம். சனிக்கிழமை முழுக்க அறையைக் கழுவினாள். தையல்காரம்மா கொண்டுவந்த திரையை அங்கே மாட்டினாள். நீளம் ஒரு சாண் குறைந்தது.

"நீ அளக்கச் சொன்னது பின்னறை ஜன்னலை. என் மேல பழி போடாதே" என்றாள் தையல்காரம்மா.

"போடலை. இருக்கட்டும். காத்து வரும்."

பெரணித் தொட்டியை உருட்டிக்கொண்டு வந்து ஜன்னலடியில் நிறுத்தினாள். மிச்சம் பெஞ்ச். அதை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு விட்டது தப்பு. பின்கதவு வழியாக உள்ளே இழுத்து, ஹாலைத் தாண்டி, முன்கதவு வரை கொண்டுவந்தாள். பாதி வெளியே போனது. பிறகு ஒரு கைப்பிடிச் சுருள் அந்தத் திறக்காத பலகையில் சிக்கிக்கொண்டது. முன்னேயும் போகவில்லை, பின்னேயும் வரவில்லை. உள்ளே நின்று தள்ளிக்கொண்டிருக்கும்போது கேட்டில் கார் நின்றது.

அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கினான். அண்ணி இறங்கினாள். இருவருமாக அம்மாவைப் பிடித்து இறக்கினார்கள். மூவரும் வாசலுக்கு வந்து, பாதி பெஞ்சையும் அதற்குப் பின்னால் வேர்த்து வழிகிற வௌவாலையும் பார்த்தார்கள்.

"எங்களை உள்ள விடறதா உத்தேசம் இல்லையா?" என்றான் அண்ணன்.

"சிக்கிக்கிச்சு. வெளிய இருந்து இழு."

"முதல்ல வீட்டைப் பார்க்கறேன். வேற வழி இருக்கா?"

"பக்கத்து நடையா பின்னாடி போ."

சொன்ன பிறகுதான் பின்னாடி என்ன இருக்கிறது என்று ஞாபகம் வந்தது. அண்ணனும் அண்ணியும் போய்விட்டார்கள். அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். நிற்க முடியவில்லை. வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாதி பெஞ்சில் மெதுவாக உட்கார்ந்தாள்.

"ஆடாதா?"

"யானை வந்து உட்கார்ந்தாலும் ஆடாதும்மா. அதான் பிரச்சினையே."

அம்மா சிரிக்கவில்லை. காலை நீட்டி, புடவையை முழங்காலுக்கு மேலே கொஞ்சம் தூக்கிவிட்டுக்கொண்டாள். வெயில் முட்டியில் விழுந்தது.

அண்ணனும் அண்ணியும் ஹால் வழியாக வந்து சேர்ந்தார்கள். இப்போது அவர்கள் உள்ளே, வௌவாலோடு. அம்மா மட்டும் வெளியே.

"நடையில செடியெல்லாம் செத்துக் கிடக்கு" என்றாள் அண்ணி. "பின்னறை பெயின்ட் நல்லா இருக்கு. ஆனா அங்க கட்டில் கூட இல்லை."

"கட்டில் முன்னறையில. அம்மாவுக்கு அதுதான் அறை. பின்னாடி நிழல்னு நினைச்சு அந்தச் செடியை வாங்கினேன். மத்தியானம் அடுப்பு மாதிரி கொதிக்குது. எனக்குத் தெரியலை."

"உன் வீட்டுல வெயில் எங்க வரும்னு உனக்கே தெரியலையா?" அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு நின்றுவிட்டது. "இதைத்தான் நான் சொல்றேன். செடியைப் பார்த்துக்க முடியலை. அம்மாவை எப்படிப் பார்த்துக்குவ?"

"செடி ஒரே நாள்ல வாடுச்சு. ஏன்னு அன்னிக்கே கண்டுபிடிச்சேன். ஒரே நாள்ல மொத்த அறையையும் மாத்தினேன். அம்மா விஷயத்துலயும் தப்பு நடக்கும். உட்கார்ந்து வேடிக்கை பார்க்க மாட்டேன். அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்."

"வேலைக்குப் போனா பகல்ல யாரு இருப்பா?" இது அண்ணி. நியாயமான கேள்விதான்.

"அச்சகம் அடுத்த தெருவுல. மத்தியானம் வந்துட்டுப் போவேன். பக்கத்து வீட்டுல அவங்க நாள் முழுக்கத் தைச்சுக்கிட்டே இருப்பாங்க. கேட்டேன். எட்டிப் பார்க்கறேன்னு சொல்லியிருக்காங்க."

"அவங்களுக்கு எட்டிப் பார்க்கறது பிடிக்கும்னு தெரியுது" என்று அண்ணன் வாசலுக்கு வெளியே பக்கத்து வீட்டு மதில் பக்கம் கண்ணைக் காட்டினான். ஒரு தலை சட்டென்று மறைந்தது.

அண்ணன் குரலைத் தாழ்த்தினான். "இல்லத்துல சொல்லி வச்சிருக்கேன். அங்க எல்லாம் ஒழுங்கா இருக்கு. இங்க திரை கூட நீளம் பத்தலை. கோவிச்சுக்காதே."

"கோபம் இல்லை. என்கிட்ட கேட்டுட்டே. அம்மாகிட்ட கேட்டியா?"

அவன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கேட்கவில்லை என்று அர்த்தம். வௌவாலும் அதுவரை கேட்கவில்லை. அதுவும் அந்த நிமிஷத்தில்தான் அவளுக்கு உறைத்தது. பெஞ்சின் மேலாகக் குனிந்தாள்.

"அம்மா. உனக்கு எங்க இருக்கணும்?"

அம்மா திரும்பவில்லை. முட்டியைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"அந்த இல்லத்துக்குப் போனோம்ல" என்றாள். "நல்ல இடம். குறை சொல்ல முடியாது. பெஞ்ச்ல உட்கார்ந்தேன். ஒரு பொண்ணு வந்து, இப்ப இந்தப் பக்கம் உட்காரக் கூடாது, அந்தப் பக்கம் உட்காருங்கன்னுச்சு. மரியாதையாத்தான் சொல்லுச்சு. அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தேன்."

"ஒரு காரணமாத்தான் சொல்லியிருப்பாங்கம்மா" என்றான் அண்ணன்.

"இருக்கும். உன் வீட்டுலயும் அப்படித்தான் உட்கார்ந்தேன். உன்னைக் குத்தம் சொல்லலை." கைத்தடியின் நுனியால் சிமென்ட் தரையைத் தட்டினாள். "இங்க சரிப்படலைன்னா நானே சொல்றேன். சொன்னா கொண்டு போய் விடணும். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது."

"விடறேன்" என்றாள் வௌவால்.

"ராத்திரி லைட்டைப் போட்டுக்கிட்டு நடமாடக் கூடாது."

"முயற்சி பண்றேன். இன்னும் தூக்கம் சரியா வர்றதில்லை."

"வரலைன்னா படுத்துக் கிட." அம்மா கைத்தடியை ஊன்றி எழுந்தாள். சுவருக்கும் கேட்டுக்கும் நடுவே பார்வையை ஓட்டினாள். "இதை ஜன்னலை ஒட்டிப் போடாதே. கேட்டுப் பக்கம் போடு. தெருவுல யார் போறான்னு தெரியணும்."

"அம்மா, நாம இன்னிக்குப் பார்க்கத்தான் வந்தோம்" என்றான் அண்ணன். "உன் துணிமணி எல்லாம் அங்க இருக்கு. இன்னும் எதுவும்…"

"பார்த்தாச்சு. இழு."

அண்ணன் அண்ணியைப் பார்த்தான். அண்ணி தோளைக் குலுக்கிவிட்டு, தன் கைப்பையை ஹால் நாற்காலியில் வைத்தாள். அவன் நடை வழியாகச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பெஞ்சின் காலைப் பிடித்தான்.

"நீ உள்ள இருந்து தூக்கு வௌவாலு. தூக்கிட்டுத் தள்ளு. வெறுமனே தள்ளாதே."

"எனக்குத் தெரியும். கிடங்குல இதுதான் வேலை."

"தெரிஞ்சா ஏன் சிக்குச்சு?"

"ஆள் பத்தலை. இப்ப தூக்கு."

தூக்கினார்கள். இரும்பு கிறீச்சிட்டது. கதவுப் பலகையிலிருந்து ஒரு நீளமான சிராய் உரிந்து வந்தது. அம்மா கேட்டருகே போய் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாள்.