கடைத்தெருவுக்கு வராத கத்திரிக்காய்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கண்ணாடி அலமாரியில் கிடைத்தது. கல்யாணப் பத்திரிகை வைக்கப் போன வீட்டில், காபி ஆறுகிற வரைக்கும் பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் அலமாரியைப் பார்த்தேன். பிளாஸ்டிக் பூச்சாடிக்கும் ஸ்டுடியோ போட்டோவுக்கும் நடுவில் ஒரு கத்திரிக்காய் உட்கார்ந்திருந்தது. உல்லன் நூலில் குரோஷா ஊசியால் பின்னி, உள்ளே அடைத்துத் தைத்த பொம்மை. அலமாரியைத் திறந்து எடுத்துப் பார்த்தேன், உள்ளங்கையில் அடங்கியது. ஊதா உடம்பு, பச்சைத் தொப்பி. பின்னல் அத்தனை சீர். காம்பு மட்டும் வேறு கை. யாரோ பழைய பச்சைச் சேலைத் துணியைச் சுருட்டி, வெள்ளை நூலால் கோணல்மாணலாகத் தைத்து வைத்திருந்தார்கள்.

யார் செய்தது, யாருக்குச் செய்தது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு வரியில் பதில் வந்திருக்கும், கதை போயிருக்கும். அது கொடுத்தவள் வீடா, வாங்கியவள் வீடா என்பதுகூட எனக்குத் தெரியாது. ஆக, காம்பைத் தவிர மீதி எல்லாம் என் புளுகு. தெரிந்துகொண்டு படியுங்கள்.

2

முதலில் இப்படித்தான் தொடங்கினேன்: "ஆடித்தபசுக்குக் கொடியேறிய சங்கரன்கோவிலில், விசைத்தறிகளின் ஓசைக்கு நடுவே..."

வேண்டாம். இந்த ஊர்க் கதை என்றால் தறியை ஓடவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டுமா?

அடுத்து: "தங்கத்தாய் நல்லவள்."

இதுவும் வேண்டாம். நல்லவள் என்று நான் சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நேரே சொல்லிவிடுகிறேன். தங்கத்தாய் பயந்துபோயிருக்கிறாள்.

வருஷம் 1984. அவள் கணவன் மருதப்பன் தறிக்குப் போகிறவன். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்து ஆளாக்கியவள் அக்காள் சுந்தரம்மாள், வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்டவள். அவள் கணவர் நல்லக்கண்ணு தவறிய பிறகு வண்ணச் சேலைகளையெல்லாம் டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டு வெள்ளைக்கு மாறினாள். காசிக்குப் போய்க் காரியம் செய்துவிட்டு வந்தாள். வரும்போது கத்திரிக்காயை விட்டுவிட்டு வந்தாள்.

(காசிக்குப் போகிறவர் பிடித்த காய் ஒன்றை அங்கே விட்டுவிட வேண்டும்; பிறகு ஆயுசுக்கும் தொடக்கூடாது. பாகற்காயை விட்டுவிட்டு வந்து கங்கையையே ஏமாற்றிய கெட்டிக்காரர்கள் நம் பக்கத்தில் உண்டு.)

போன தை மாதம் மருதப்பன் பால் காய்ச்சிப் புதுவீடு புகுந்தான். பந்தியில் பரிமாறியவள் தங்கத்தாய். விஷயம் அவளுக்குத் தெரியும். இருந்தும் அவசரத்தில், ஆளைப் பார்க்காமல் இலையை மட்டும் பார்த்துக்கொண்டு, சுந்தரம்மாள் இலையிலும் ஒரு கரண்டி கத்திரிக்காய்க் கூட்டை வைத்துவிட்டாள்.

சுந்தரம்மாள் இலையை மூடவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்து கை கழுவிவிட்டு பஸ் ஏறிவிட்டாள். அதன் பிறகு வரவில்லை.

மருதப்பன் பெண்டாட்டியைத் திட்டியிருந்தால் தேவலை. அவன் திட்டவில்லை, சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழ ஆரம்பித்தான். ஆடித்தபசுக்கு அக்காள் ஊருக்கு வராமல் இருக்கமாட்டாள். வந்தும் வீட்டுப்படி மிதிக்காமல் போய்விட்டால் அந்த உறவு அதோடு அறுந்தது. புருஷனுக்கு இருக்கிற ஒரே ஒரு கூடப்பிறந்த சொந்தத்தைத் தன் கரண்டி அறுத்துவிட்டதோ என்பதுதான் தங்கத்தாயின் பயம்.

3

தையல் கிளாஸில் படித்த கை சும்மா இருக்குமா? அவளுக்கு ஒரு யோசனை வந்தது. காசியில் விட்டது நாக்குக்குத்தானே, கண்ணுக்கு இல்லையே! திங்க முடியாத கத்திரிக்காய் ஒன்றைச் செய்து மைனி சுந்தரம்மாள் கையில் கொடுத்தால்? மன்னிப்பும் ஆச்சு, ஒரு சிரிப்பும் ஆச்சு.

அடியில் ஒரு சின்ன வளையம். சுற்றுக்குச் சுற்று கண்ணிகளைக் கூட்டிக்கொண்டே போனால் வயிறு விரியும்; குறைத்துக்கொண்டே வந்தால் கழுத்து ஒடுங்கும். வாய் மூடும் முன்னால் அடைத்துவிட வேண்டும். தறியில் விழுகிற கழிவு நூலை மருதப்பன் எதற்கென்று கேட்காமலே பை நிறையக் கொண்டுவந்தான். பச்சை உல்லன் தொப்பியோடு தீர்ந்துவிட்டது. கடையில் அதே பச்சை இல்லை, கிளிப்பச்சைதான் இருந்தது. காம்பு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று

(இந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அப்போதுதான் மருதப்பன் உள்ளே வந்தான்.)

4

"என்னட்டி இது?"

"மைனிக்கு. அவுகளுக்குப் புடிச்ச காயில்லா?"

அவன் முகம் மாறியது. "யாரு சொன்னா? அக்கா சின்னதுலருந்தே அதைத் தொட மாட்டா. தின்னா உடம்பெல்லாம் ஊறல் எடுக்கும்."

"அப்பொ காசில ஏன் அதை விட்டாக?"

"அதைத்தான் அவ ஊரே கேட்டுச் சிரிச்சுது. ஆகாத காயை விட்டுட்டு வந்து ஏமாத்திட்டாளாம்னு. நீ இப்பொ அதையே பொம்மை பண்ணிக் கையில குடு, நல்லா இருக்கும்!"

கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பார்கள். மைனி மூடி வைத்ததைத் தான் நூலால் பின்னி நடுவீட்டில் வைக்கப்போனோமே என்று தங்கத்தாய் அரண்டாள். தொப்பியின் நுனியைப் பிடித்தாள். குரோஷா பின்னல், ஒரு நூலை இழுத்தால் போதும், மொத்தமும் பிரிந்துவிடும்.

5

அடுத்த வீட்டு ஆயிஷம்மாள்மேல் எனக்கே சந்தேகம். சரியான நேரத்தில் சரியான சேதியோடு வருகிற ஆட்களைக் கதையில் நம்பக்கூடாது. இரண்டு தடவை கோடு போட்டு அடித்துப் பார்த்தேன். போகமாட்டேன் என்கிறாள். அவள் வீட்டுக்காரர் முகம்மது மைதீனுக்குச் சந்தையில் காய்கறிக்கடை. அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

"ஏளா, பிரிக்காதே," என்றாள். "அந்த நல்லக்கண்ணு அண்ணாச்சி சந்தைக்கு வந்தா எங்க கடையில வேற காயைத் திரும்பிப் பாக்க மாட்டாக. ஒவ்வொண்ணா காம்பைக் கிள்ளிப் பாத்து எடுப்பாக. 'எங்க வீட்ல அவ திங்கமாட்டா, எனக்குன்னுதான் ஆக்குதா'ன்னு பெருமை வேற."

"அப்பொ..."

"உங்க மைனி விட்டது தன் காயையா, அண்ணாச்சி காயையா? யோசிச்சுப் பாரு."

தங்கத்தாய் யோசித்தாள். யோசிக்க யோசிக்கப் பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. மைனிக்குப் பிடித்த காய் என்றால் இது கேலி. பிடிக்காத காய் என்றால் குத்திக்காட்டல். செத்துப்போனவருடைய காய் என்றால்? ஆறாத புண்ணில் ஊசியை விட்டுவிட்டுச் சிரிக்கச் சொல்வதா? அன்றைக்கு இலையில் தான் வைத்தது கூட்டே இல்லை, போன மனுஷருடைய ஞாபகம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

காம்பு வைக்கக் கை ஓடவில்லை. பிரிக்கவும் ஓடவில்லை.

6

முடிவுகள் சில எழுதிவைத்தேன்.

ஒன்று: தபசு அன்றைக்கு விவசாயிகள் விளைந்ததைச் சாமிக்குச் சூறை விடுகிறார்கள். பருத்தியும் மிளகாயும் பறக்கிற கூட்டத்தில் தங்கத்தாயும் நூல் கத்திரிக்காயைச் சப்பரத்தின் மேல் எறிந்துவிடுகிறாள். அழகாக இருக்கிறது. ஆனால் மருதப்பன் இன்னும் பாதிச் சோற்றில்தான் எழுந்துகொண்டிருக்கிறான்.

இன்னொன்று: சுந்தரம்மாள் பொம்மையைப் பார்த்து வாய்விட்டுச் சிரிக்கிறாள், எல்லோரும்

இல்லை. அவ்வளவு லேசாக முடியாது.

7

அவள் வந்தாள். இதை மட்டும் நான் மாற்றி எழுதவில்லை.

தபசு பார்த்துவிட்டு, கூட்டத்தில் கசங்கிய வெள்ளைச் சேலையோடு வாசலில் நின்றாள். படி ஏறவில்லை. மருதப்பன், "வாக்கா" என்றான். தங்கத்தாய் தண்ணீர்ச் செம்போடு வந்தாள். மற்ற கை முந்தானைக்குள் இருந்தது.

"அந்தக் கையில என்னட்டி?"

தங்கத்தாய் கையை நீட்டினாள். முந்தானை விலகியது.

சுந்தரம்மாள் அதை வாங்கினாள். திருப்பினாள். அமுக்கிப் பார்த்தாள். தங்கத்தாய் மூச்சு விடவில்லை. எழுதுகிற நானும் விடவில்லை. சப்பரத்து மேளம் தேய்ந்து மறுபடி கேட்கிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காம்பு எங்கட்டி?" என்றாள். குரல் கோபமா வேறு ஏதாவதா என்று தெரியவில்லை. "காம்பில்லாத காயை உங்க அண்ணாச்சி தொடவே மாட்டாகளே."

"பச்சை தீந்துபோச்சு மைனி," என்றாள் தங்கத்தாய்.

பிறகு சுந்தரம்மாள் செம்பை வாங்கித் தண்ணீர் குடித்தாள் என்று ஒரு தாளில் எழுதினேன். பொம்மையைப் படியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு நடந்தாள் என்று இன்னொரு தாளில். இரண்டையும் உங்களிடமே தருகிறேன். எதைக் கிழிப்பது என்பது உங்கள் பாடு. எனக்குக் கை வரவில்லை.

நான் கண்ணால் கண்டது காம்பை மட்டும்தான். குரோஷா பின்னத் தெரியாத ஒரு கை தைத்தது. ரொம்ப நாள் மடிப்பிலேயே இருந்து மடிப்போரம் வெளுத்துப்போன பச்சைச் சேலைத் துணி. டிரங்குப் பெட்டிக்குள் போட்டு வைக்கிற ரசகற்பூர வாசனை அதில் இன்னும் போகவில்லை.