ரேடியேட்டரில் ஊற்றிய முட்டை

இன்ஜினின் மேல்மூடியான ஹெட் கழன்று மேலே வந்ததும் ஸ்பானரம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பாதி ஆயுசை எண்ணெயோடும் புகையோடும் குடித்தனம் நடத்தியவள் அவள். ஏர் ஃபில்டருக்குள் செத்துக் கிடந்த எலியைக்கூட முகம் சுளிக்காமல் தட்டிப் போட்டிருக்கிறாள். இந்த நாற்றம் அந்த வகையில் சேராது. கெட்டுப்போன எதையோ திரும்பத் திரும்ப வேகவைத்த நாற்றம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். வாசலுக்கு மேலே 'ஸ்பானரம்மா பட்டறை' என்று பலகை தொங்கியது. ஊரில் பாதிப் பேருக்கு அவளுடைய சொந்தப் பெயர் தெரியாது. இந்தப் பெயர் தெரியாதவர்கள் கிடையாது.

வண்டி மருந்துக்கடைக்காரருடையது. கூரையை மடக்கிவிடக்கூடிய, இரண்டே இருக்கை கொண்ட, அவள் பிறப்பதற்கு முன்பே ஓடத் தொடங்கிய பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார். நடக்க முடியாத மனைவியை மாலையில் அதில் உட்காரவைத்து மேட்டுச் சாலைக்குக் கூட்டிப்போவார். அந்த அம்மாள் வெளிக்காற்றைப் பார்ப்பது அப்போது மட்டும்தான். போன வாரம் ஏற்றத்தில் வண்டி கொதித்து நின்றுவிட்டது. பானட்டைத் திறந்தவர் கையில் ஆவி அடித்துத் தோல் உரிந்தது. இருக்கையை விட்டு நகர முடியாத மனைவி புகைக்கு நடுவில் உட்கார்ந்து அலறியிருக்கிறாள்.

இதில்தான் ஸ்பானரம்மாவுக்கு ஆறவில்லை. மழைக்காலத்துக்கு முன்புதான் இந்த வண்டிக்குப் புது ஹெட் போட்டாள். அவளுடைய கணவர் கடையிலிருந்து பெட்டியோடு வாங்கிவந்தார், அவள் தன் கையால் மாட்டினாள். அதற்குள் எப்படி?

திரும்பி வந்து, ஹெட்டில் தண்ணீர் ஓடும் துளைக்குள் கம்பியை விட்டுக் கிளறினாள். மஞ்சளும் வெள்ளையுமாக ரப்பர் மாதிரி ஒரு வஸ்து வழுக்கிக்கொண்டு வந்தது. விரலில் தேய்த்தாள். முட்டை! ரேடியேட்டர் ஒழுகி நடுவழியில் நின்றுபோனால் லாரிக்காரர்கள் முட்டையை உடைத்து ஊற்றுவதுண்டு. அது வெந்துபோய் ஓட்டையை அடைக்கும், ஊர் போய்ச் சேரலாம். ஆபத்துக்குப் பாவமில்லை. ஆனால் இங்கே ஒரு முட்டை, இரண்டு முட்டை இல்லை, ஒரு கோழிப்பண்ணையே உள்ளே வெந்து கிடந்தது. துளையெல்லாம் அடைத்து, இன்ஜின் கொதித்து, ஹெட் வளைந்து, எண்ணெயில் தண்ணீர் கலந்து திரிந்த பாலாகியிருந்தது.

"படிச்ச மனுஷன் பண்ற வேலையா இது? மருந்து குடுக்குற கைதானே!" என்று வாய்விட்டே திட்டினாள்.

திட்டிக்கொண்டே ஹெட்டை மண்ணெண்ணெயில் போட்டுத் தேய்த்தாள். பக்கவாட்டில் வெள்ளி வர்ணம் தோலாக உரிந்தது. உரிந்த இடத்தில் சாம்பல் நிறப் பசை. பசையை நகத்தால் சுரண்டினாள், அதற்கடியில் விரல் நீளத்துக்கு விரிசல். அவள் கை நின்றுவிட்டது. புது ஹெட்டுக்கு ஏது ஒட்டு?

அன்றைக்கு அதன் பளபளப்பைப் பார்த்து மயங்கி, சோதித்துப் பார்க்காமல் மாட்டியதும் நினைவுக்கு வந்தது. தன் விரல்களைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது.

ஹெட்டைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அங்கே கணவர் கண்ணாடி முன் தலை சீவிக்கொண்டிருந்தார். மேலெல்லாம் சென்ட் வாசனை. அதற்கு நடுவில் முட்டை நாற்றத்தோடு அவள் போய் நின்றாள்.

"இது பழைய ஹெட்டுதானே?"

அவர் சீப்பைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடியிலேயே அவளைப் பார்த்தார். "பழசுன்னா என்ன, ஓடுச்சுல்ல? ஊர் உலகத்துல எல்லாரும் பண்றதுதான். நீ ஒருத்திதான் அரிச்சந்திரனுக்குத் தங்கச்சி."

"அந்தம்மா புகைக்குள்ள கிடந்து கத்தியிருக்காங்க."

"அதான் இன்னொண்ணு கொண்டுவந்திருக்கேனே. மேஜைக்கு அடியில இருக்கு பாரு. நல்லா பெயின்ட் அடிச்சாச்சு. சாயங்காலம் அவர் வர்றதுக்குள்ள மாட்டிடு. மத்ததை நான் பேசிக்கறேன்."

குனிந்து இழுத்தாள். பளபளவென்றுதான் இருந்தது. பக்கவாட்டில் நகத்தை வைத்து அழுத்தினாள். நகம் பசையில் இறங்கியது. சோற்றில் கிடந்த புழுவைத் தொட்டது போல உடம்பு கூசியது. இரண்டு ஹெட்டையும் தூக்கிக்கொண்டுபோய் வண்டிக்குப் பக்கத்தில் தரையில் வைத்தாள். அவர் அதைச் சம்மதமென்று எடுத்துக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரர் மாலையில் வந்தார். ஒரு கையில் கட்டு, மறு கையில் ஒரு அட்டை முட்டை. அதை உடம்பை விட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தாம்மா, மிச்சம். நாங்க முட்டை சாப்பிடறதில்ல. வாடையே ஆகாது. மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா உடைச்சு ஊத்தினேன். ஆனா நீங்க சொன்னா சரியாத்தானே இருக்கும்?"

"நானா?"

"சூடு ஏறும்போதெல்லாம் ரெண்டு முட்டை ஊத்தச் சொல்லி நீங்க சொன்னதா உங்க வீட்டுக்காரர் போன்ல சொன்னாரே. ஸ்பானரம்மா வாக்குன்னா மருந்துச்சீட்டு மாதிரின்னு என் வீட்டுக்காரிகூட சொல்லுவா."

கணவர் பாய்ந்து வந்து முட்டை அட்டையை வாங்கிக்கொண்டார். "பழைய வண்டி சார், பழைய மனுஷங்க மாதிரி, கொஞ்சம் பக்குவமா..."

"நான் சொல்லல சார்," என்றாள் ஸ்பானரம்மா. "முட்டை ஊத்துங்கன்னு நான் சொல்லவே இல்ல. புதுசுன்னு மாட்டின ஹெட்டும் புதுசு இல்ல. விரிசலைப் பசை வெச்சு அடைச்சிருக்கு. இதோ பாருங்க. இப்ப மாட்டறதுக்கு வெச்சிருக்கறதும் அதே கதைதான். சோதிக்காம மாட்டினது என் கை."

மருந்துக்கடைக்காரர் குனிந்து விரிசலைப் பார்த்தார். நாற்றம் முகத்தில் அடித்திருக்க வேண்டும், கட்டுப்போட்ட கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டார். நிமிர்ந்தபோது ஹெட்டைப் பார்த்த அதே பார்வையோடுதான் அவளையும் பார்த்தார்.

"சாவியைக் குடுங்க," என்றார். "நாளைக்கு ஆள் அனுப்பி இழுத்துட்டுப் போறேன்."

"நிஜமான புது ஹெட்டு நானே வாங்கி, உங்க வாசல்ல வெச்சு, உங்க கண்ணு முன்னாடி மாட்டித் தர்றேன் சார்."

அவர் சாவியை அவள் விரல் படாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஸ்பானரம்மா குழாயடியில் சோப்பு கரையும்வரை கை தேய்த்தாள். நாற்றம் போகவில்லை. அதற்குள் பின்னறையிலிருந்து இன்னொரு வாசனை வந்தது. டீ போடும் அடுப்பில் சட்டியை வைத்து, மருந்துக்கடைக்காரர் கொடுத்த முட்டைகளை உடைத்துப் பொரித்துக்கொண்டிருந்தார் கணவர்.

"இனாமா வந்தது, வீணாக்குவானேன்? நல்ல வாடிக்கையைத்தான் வாயால கெடுத்துட்ட, வந்து சாப்பிடவாவது செய்," என்றார். "உனக்கு ஒண்ணா, ரெண்டா?"

அவள் அவரையும் சட்டியையும் பார்த்தாள். இந்த மனிதனோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறோமே என்று நினைத்தாள். ஏணியை இழுத்துவந்து வாசலில் சாத்தி ஏறினாள். பலகையின் போல்ட்டுகள் துருவேறியிருந்தன. ஸ்பானரைப் போட்டு ஒவ்வொன்றாகத் திருகினாள்.

சத்தம் கேட்டு அவர் கையில் தட்டோடு வெளியே வந்தார். "என்ன பண்ற? நாளைக்கு எந்தப் பேர்ல கடை திறக்கறது?"

கடைசி போல்ட்டும் கழன்றது.

"உங்க பேர்லயே திறங்க," என்றாள். "யாரு வர்றாங்கன்னு பாப்போம்."

பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கி, தன் ஸ்பானர் பெட்டியை எடுக்க உள்ளே போனாள்.