ஒரு மணி நேரம்தான்

டிக்கெட்காரியின் நாக்கு நுனியில் எப்போதும் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். "ஒரு மணி நேரம்தாங்க, கண்ண மூடித் திறந்தா ஊரு வந்துடும்." வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் இதே பல்லவிதான். விமான நிலையத்துக்கு ஊர்ந்து போவதும், அங்கே கால் கடுக்க நிற்பதும், இறங்கியபின் பெட்டிக்காகக் காத்துக் கிடப்பதும் அவள் கணக்கில் வராது. ஆகாயத்தில் இருக்கும் நேரத்தை மட்டும்தான் அவள் விற்றாள்.

சொந்த ஊரில் அண்ணனோடு இருக்கும் அப்பாவையும் அதையே சொல்லித்தான் வருஷா வருஷம் வரவழைப்பாள். டிக்கெட் கடையை விட்டுத் தன்னால் நகர முடியாது என்பாள். அவரும் முழங்கால் வலியோடு வந்து சேருவார்.

இன்று காலை அண்ணன் கூப்பிட்டான். அப்பாவுக்கு நெஞ்சு வலி, சாயங்காலம் ஆபரேஷன்.

"அதுக்குள்ள வந்து ஒரு தடவ பாத்துடு."

கம்ப்யூட்டரில் மதிய விமானத்துக்கு அவசர அவசரமாக டிக்கெட் போட்டாள். கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடினாள்.

டாக்ஸி நகர்ந்த பாடில்லை. போனை எடுப்பதும் வைப்பதுமாகத் தவித்தாள்.

"கொஞ்சம் வேகமாப் போங்களேன்."

"முன்னாடி போறவன் மேல ஏறியா போக முடியும்?" என்றார் டிரைவர்.

விமான நிலைய கவுன்டரில் இருந்த பெண் டிக்கெட்டை இரண்டு முறை பார்த்தாள்.

"மேடம், இது அங்கேருந்து இங்க வர்ற டிக்கெட். பேரும் யாரோ பெரியவரோடது."

டிக்கெட்காரி அதை வாங்கிப் பார்த்தாள். அந்த ஊரிலிருந்து இந்த ஊருக்கு, அப்பா பேரில் என்று தட்டித் தட்டியே பழகிய கை, பதற்றத்திலும் அதையே தட்டியிருந்தது. அப்பாவைப் பார்க்க என்று தனக்கு ஒரு டிக்கெட் போட்டதே இல்லை. அவமானமாக இருந்தது. மதிய விமானத்தில் இப்போது இடமும் இல்லை.

அதற்குள் அண்ணன் போனில் வந்துவிட்டான். "அப்பா நம்பருக்கு டிக்கெட் மெசேஜ் வந்திருக்கு. நீ வருவேன்னு பாத்தா, இந்த நிலைமையிலயும் அவரத்தான் கூப்பிடுவியா?"

அவள் வாய் திறப்பதற்குள் போன் அப்பா கைக்கு மாறியது.

"அவன் கெடக்கான், விடும்மா. இன்னிக்கு என்னை விடமாட்டாங்க. தேதிய மட்டும் மாத்தி வை. ஜன்னல் சீட்டுதான?" அவருக்கு மூச்சு வாங்கியது.

"அப்பா, நான் அங்க வரத்தான்..."

"உனக்குக் கடை இருக்கே, நீ எதுக்கு அலையணும்? ஒரு மணி நேரம்தான, தையல் பிரிச்சதும் நானே வந்துடறேன்."

அவள் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம். அப்பா அதை இன்னமும் நம்பிக்கொண்டிருந்தார். போனை வைத்துவிட்டுக் கவுன்டரைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற ஊரு சுத்திப் போற விமானம் ஒண்ணு இருக்கு. போய்ச் சேர ராத்திரி ஆயிடும், பரவாயில்லையா?" என்றாள் அந்தப் பெண்.

ராத்திரிக்குள் ஆபரேஷன் முடிந்திருக்கும். எப்படி முடிந்திருக்கும் என்பதை நினைக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

"போடுங்க," என்றாள். தன் பெயரை எழுத்துக் கூட்டிச் சொன்னாள். திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி, எங்கிருந்து எங்கே என்று விரல் வைத்துப் பார்த்தாள்.

"அந்தப் பழைய டிக்கெட்ட ரத்து பண்ணிடவா?"

"வேணாம். அப்பா தேதிய மாத்தி வைக்கச் சொன்னாரு."

"எந்தத் தேதிக்கு, மேடம்?"

டிக்கெட்காரி திரையில் இருந்த அப்பா பெயரைப் பார்த்தாள்.

"தேதி அங்க போய்ச் சொல்றேன்," என்றாள் கடைசியில். "ஜன்னல் சீட்டு அவருக்கு. பக்கத்து சீட்டு எனக்கு."