இரண்டு அறைக்கும் ஒரே ஆள்

"நீலக் கோடு போட்டதாம். வெள்ளை வேண்டாமாம்" என்று உள்ளறையில் அம்மாவிடம் கேட்டுத் திரும்பி வந்து சொன்னார் அப்பாவின் குமாஸ்தா.

மகள் வெள்ளைச் சட்டையை அலமாரியில் வைத்துவிட்டு நீலக் கோடு போட்டதை எடுத்தாள். கூடத்தில் அப்பாவின் உடலைக் கிடத்தியிருந்தார்கள். பத்து மணிக்கு வண்டி வந்துவிடும். அதற்குள் உடுத்தி முடிக்க வேண்டும்.

"வக்கீல் கோட்டும் போடணுமான்னு கேளுங்க."

குமாஸ்தா முட்டியைப் பிடித்துக்கொண்டு போனார், வந்தார். "இத்தனை வருஷம் அதுக்குள்ள வெந்தது போதும்னாங்க. அப்புறம், அந்தச் சட்டையில ரெண்டாவது பட்டன் இருக்காதாம். பாத்துக்கச் சொன்னாங்க."

பட்டன் இல்லைதான்.

"பாப்பா, இது நாலாவது தடவை. ஐயா மாதிரி நானும் நடந்துக்கிட்டே இருந்தா, பத்து மணி வண்டியில என்னையும் சேர்த்து ஏத்திடுவீங்க."

நாற்பத்திரண்டு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட இனி இவர் ஒருவர்தான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால், கணவனை விட்டுப் பெட்டியோடு வந்து நின்றவளிடம், "வந்த வழியிலேயே திரும்பிப் போ" என்றாள் அம்மா. அவள் கணவனிடம் போகவில்லை. வேறு ஊரில் வேலை தேடிக்கொண்டாள். அன்றோடு அம்மாவுக்கும் அவளுக்கும் பேச்சு நின்றது.

அப்பா முப்பது வருஷம் எதிர்வாதிகளின் வக்கீல். கம்பெனி மேல் யார் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டாலும் எழுந்து நின்று இல்லை என்பார். அப்படி நடக்கவில்லை, நடந்திருந்தாலும் எங்கள் தப்பில்லை, எங்கள் தப்பே ஆனாலும் இவ்வளவு இல்லை. காபியில் திருட்டுத்தனமாகச் சர்க்கரை போட்டீர்களா என்று அம்மா கேட்டால், "ஆதாரம் இருக்கா?" என்பார். ஒருநாள் வழக்கில் ஜெயித்து வெளியே வரும்போது, தோற்றுப்போன ஆள், இயந்திரத்தில் ஒரு கையை இழந்தவர், மிச்சமிருந்த கையால் இவருக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். அடுத்த மாதமே அப்பா பெயர்ப்பலகையை மாற்றி, இரு தரப்பையும் பேசி இணங்க வைக்கும் சமரசர் ஆகிவிட்டார்.

ஆபீசில் இரண்டு அறை, நடுவில் நீளமான நடை. இந்தத் தரப்பு ஓர் அறையில், அந்தத் தரப்பு இன்னோர் அறையில். நாற்காலிகள் ஒரே உயரம். பிஸ்கட்டைக்கூட எண்ணித்தான் வைப்பார். ஒரு தட்டில் ஒன்று கூடினால் பேச்சு முறிந்துவிடுமாம். அவர் மட்டும் இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவளுக்குப் போன் செய்வார். "இருமல் நின்னுச்சான்னு அம்மா கேக்கச் சொன்னா." "மடக்குக் குடை காத்துக்கு நிக்காதாம். நீளக் குடையா வாங்கிக்கணுமாம்." அம்மா எங்கே கேட்டிருப்பாள், கிழவர் தொழிலை வீட்டிலும் காட்டுகிறார் என்று அவள் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வாள். "வாங்கிட்டேன்ப்பா" என்று அவருக்குத்தான் பதில் சொல்வாள். அம்மாவுக்கென்று ஒருநாளும் ஒரு வார்த்தை சொல்லியனுப்பியதில்லை.

சட்டையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். "அண்ணே, அப்பா அந்த ரூம்ல சொன்னதா இந்த ரூம்ல வந்து நிறையக் கட்டி விடுவாரு, இல்ல?"

குமாஸ்தாவுக்குச் சுருக்கென்றது. "யாரு, ஐயாவா? ஒரு வார்த்தை கூட்ட மாட்டாரு. குறைப்பாரு. திட்டுனது, சாபம் விட்டது எல்லாத்தையும் நடையிலேயே போட்டுட்டு வந்துடுவாரு. ஆனா சொல்லாததைச் சொன்னதா ஒருதடவை சொல்லிட்டா, அதோட ஆபீசைப் பூட்டிட்டுப் போயிடணும்னு சொல்லுவாரு."

"வீட்டு விஷயத்துலயும் அப்படித்தானா?"

"வீட்டுக்குன்னு வேற நாக்கு வச்சிருந்தாரா என்ன?"

அவள் சட்டையின் கழுத்துப்பட்டையை நீவிவிட்டாள். நீவியதையே மறுபடி நீவினாள்.

"ஊசி நூல் எங்க இருக்குன்னு கேட்டுட்டு வரட்டுமா?" என்றார் குமாஸ்தா.

"வேணாம். இங்கயே டப்பால இருக்கு."

ஊசியில் நூல் கோத்து, சட்டையையும் ஒரு பட்டனையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மா அவளைப் பார்க்கவில்லை. கையை மட்டும் நீட்டினாள். சட்டை கை மாறியது. மகள் எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

நீளக் குடைதான் வாங்கினேன், இன்னும் வைத்திருக்கிறேன் என்று சொல்ல நினைத்தாள். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அம்மா பட்டனைத் தைத்து முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். தைத்து முடித்த பட்டனை இழுத்து இழுத்துப் பார்த்தாள்.

நடையில் காலடிச் சத்தம் கேட்டது. இருவரும் ஒரே நேரத்தில் வாசலைப் பார்த்தார்கள்.

தண்ணீர் வாளியோடு குமாஸ்தா கடந்து போனார்.