பொன்னம்பலத்தாரின் இரண்டாவது மெனு

சுன்னாகம் சந்தைக்குப் பின்னால், வெங்காய லொறிகள் திரும்புகிற ஒழுங்கையில் பொன்னம்பலத்தாரின் கலியாணத் தரகு அலுவலகம் இருந்தது. தரகர்மார் ஊருக்கு நாலு பேர் உண்டு. சந்தேகப்படுவதையே தொழிலாக வைத்திருந்தவர் இவர் ஒருவர்தான். மாப்பிள்ளை எஞ்சினியர் என்று யாராவது சொன்னால், "அதை அவர்தானே சொல்லுறார்" என்பார். பெடியனின் தாய்வழி, தகப்பன்வழி, படித்த பள்ளிக்கூடம், தலைமயிர் வெட்டுகிற சலூன் வரைக்கும் விசாரித்து முடியாமல் அடுத்த கதை கிடையாது. பிறந்த நேரத்தைக் கொஞ்சம் நகர்த்தித் திருத்திய சாதகக் குறிப்பைக் கையில் எடுத்த உடனேயே பிடித்துவிடுவார். அதை அவருக்கு ஆகாதவர்களும் ஒத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவரை ஒரு வருடமாக ஊர்ச்சனம் தேடவில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் இடைக்கிடை தொலைபேசி அடித்தது. யாழ்ப்பாணத்துக்குள்ளிருந்து ஒருவரும் அடிக்கவில்லை. ஞாயிறுகளில் மகள் கோபிகா தெல்லிப்பழையிலிருந்து வந்து, சிநேகிதியின் தம்பிக்கு என்று நீட்டுகிற குறிப்புகளைப் பார்ப்பதுதான் அவருக்கு மிஞ்சிய வேலை. தை பிறந்தும் இப்படியே கிடந்தால் பெயர்ப்பலகையைக் கழற்றிவிடுவது என்று மனதுக்குள் முடிவெடுத்திருந்தார். எல்லாம் அச்சுவேலித் தரகர் பாலேஸ்வரியின் வேலை என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு கலியாண வீட்டுப் பந்தியில்தான் பக்கத்து இலைக்காரர் விசயத்தைச் சொன்னார். "உங்கடை வெப்சைட்டை ஃபோனிலை திறந்தால், மெனு பாதிப் பக்கத்தை மறைச்சுக்கொண்டெல்லோ நிக்குது?"

பொன்னம்பலத்தாரிடம் இருந்தது பட்டன் ஃபோன். மற்ற ஃபோன்கள் ஒட்டுக் கேட்கும் என்பது அவர் கொள்கை. இணையத்தளத்தை அலுவலகத்துப் பெரிய கொம்பியூட்டரில் மட்டும் பார்ப்பார், அதில் எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. எழுதித் தந்தவர் கோபிகாவின் புருசன் சிவதர்ஷன். வீட்டு மருமகன் என்றபடியால் விசாரிக்கவில்லை. திருத்தித் தரச் சொன்னால் "பாக்கிறன் மாமா, பாக்கிறன்" என்று மாதக்கணக்கில் இழுத்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு, இணையத்தள வேலை தெரிந்த கஜானி என்ற பிள்ளையைக் கூப்பிட்டார்.

அவள் கதிரையில் அமர்ந்து வேலையைத் தொடங்கிய பிறகுதான் ஊரைக் கேட்டார். அச்சுவேலி என்றாள்.

"பாலேஸ்வரியைத் தெரியுமோ?"

"ஓம் ஐயா. எங்கடை அக்காவுக்குச் சம்பந்தம் பேசினது அவதான்."

வேறென்ன வேண்டும்? பொன்னம்பலத்தார் தன் கதிரையை இழுத்துப்போய் அவளுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். திரை முழுக்க ஆங்கில எழுத்தும் புள்ளியும் அடைப்புக்குறியுமாய் ஓடியது. அவள் ஒரு பெரிய துண்டைத் தெரிவுசெய்தாள். அடுத்த நொடி அது காணாமல் போனது.

"பிள்ளை, என்ன அழிக்கிறீர்?"

"தேவையில்லாததை, ஐயா. பெட்டிக்குள்ளை பெட்டி, அதுக்குள்ளை இன்னொரு பெட்டி எண்டு எழுதி வைச்சிருக்கு. ஒரு மெனுவுக்கு ஒரு பட்டியல் போதும்."

"நிறைய எழுதினால் பலமெல்லோ?"

"குறைய எழுதினால்தான் ஐயா பிழை எங்கை எண்டு கண்ணுக்குத் தெரியும்."

கள்ளர் இப்படித்தான் இனிமையாகக் கதைப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார். அவளோ தன்பாட்டில் விளக்கிக்கொண்டு போனாள். அகலத்தையெல்லாம் பெரிய திரைக்கு அளந்து இறுக்கி வைத்திருக்கிறார்களாம்; அதனால்தான் சின்னத் திரையில் மெனு பிதுங்கிப் பக்கத்தை மறைக்கிறதாம். பிறகு கையை நிறுத்திக் கிட்டக் குனிந்து பார்த்தாள்.

"ஐயா, இதிலை ரெண்டு மெனு இருக்கு."

"ரெண்டோ?"

"ஒண்டு கொம்பியூட்டருக்கு, மற்றது ஃபோனுக்கு. பெரிய திரையிலை திறந்தால் ஃபோன் மெனுவை ஒளிச்சு வைக்குது. ஃபோனிலை திறந்தால் மற்றதை ஒளிக்குது."

ஒளித்து வைப்பது என்ற சொல் காதில் விழுந்ததும் பொன்னம்பலத்தார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னத்தை ஒளிக்குது?"

"பயப்பிடாதேங்கோ. ஒரே மெனுவை ரெண்டு தரம் எழுதியிருக்கினம், அவ்வளவுதான். நான் ஒண்டாக்கி விடுறன். திரைக்கு ஏத்தமாதிரி அதுவே மடங்கும்."

ஒன்றாக்குவதற்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்தாள். முகப்பு, மணமகன், மணமகள், தொடர்புக்கு. பொன்னம்பலத்தாருக்கு ஆங்கிலக் குறிகள் விளங்கவில்லை. ஆனால் இரண்டு குறிப்பைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவர் தொழில். கண் மேலிருந்து கீழே ஓடிக் கடைசி வரியில் நின்றது.

"நில்லும். உந்த நம்பர் ஆரின்ரை?"

கொம்பியூட்டர் மெனுவில் இருந்தது அவருடைய இலக்கம். ஃபோன் மெனுவில் இருந்தது அவர் ஒருநாளும் காணாத இலக்கம். வெளிநாட்டுச் சனம் கொம்பியூட்டரில் பார்க்கும்; ஊர்ச்சனம் எல்லாம் பார்ப்பது ஃபோனில். ஒரு வருடமாக ஊர் அழைப்பு எங்கே போனது என்பது ஒரு நொடியில் விளங்கிவிட்டது.

"பாலேஸ்வரி! உம்மை அனுப்பினதும் அவள்தானே?"

கஜானியின் முகம் சுண்டிப்போனது. "நான் இண்டைக்குத்தான் ஐயா இதைத் திறந்தது. இது போன வருசம் எழுதினது." தன் ஃபோனை எடுத்து மேசையில் வைத்தாள். "அடிச்சுக் கேளுங்கோ."

குரல் தெரியாமலிருக்க வாயில் கைலேஞ்சியை வைத்துக்கொண்டு அவர் அதிலிருந்து அழைத்தார்.

"வணக்கம், பொன்னம்பலம் கலியாண சேவை."

பாலேஸ்வரியின் குரல் இல்லை. கோபிகா. ஆனாலும் தொழில்காரர், விடவில்லை.

"மகனுக்குப் பொம்பிளை பாக்கோணும். பொன்னம்பலத்தார் இல்லையோ?"

"அப்பா இருக்கிறார். நீங்கள் முதல்லை என்னோடை கதையுங்கோ. நேரை அவரிட்டைப் போனால், அவர் விசாரிச்சு முடிய மாப்பிள்ளைக்கு நரைச்சுப்போம்." அவள் சிரித்தாள். "ஆனால் குறிப்பை அவருக்குக் காட்டாமல் நான் ஒண்டையும் முடிக்கிறேல்லை. அவரின்ரை கண்ணுக்குப் பொய் தப்பாது."

ஞாயிறு தோறும் வந்த குறிப்புகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. உலகத்தையே சந்தேகப்பட்ட மனிதருக்கு, மகளின் சிநேகிதிகளுக்கு மட்டும் இத்தனை தம்பிமார் எங்கிருந்து வந்தார்கள் என்று ஒருநாளும் தோன்றவில்லை. பழக்கத்தில் வாய் தானே கேட்டது:

"பொம்பிளையின்ரை தாய்வழி எந்த ஊர்?"

அந்தப் பக்கத்திலிருந்து மெல்ல, "அப்பா?"

லேஞ்சியை எடுத்தார். "ஏன் பிள்ளை எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் என்னையும் விசாரிச்சிருப்பியள்." அவள் குரல் உடைந்தது. "உங்கடை கேள்விக்குப் பயந்து சனமெல்லாம் பாலேஸ்வரி அன்ரியிட்டைப் போகத் தொடங்கிட்டுது அப்பா. உங்கடை பேர் அழியக்கூடாது எண்டுதான் உங்கடை மருமகனிட்டைச் சொல்லி நம்பரை மாத்தினன்."

அவருக்குக் கோபமும் வந்தது, வெட்கமும் வந்தது. எதை முதலில் படுவது என்று தெரியாமல் ஃபோனைக் காதில் வைத்தபடியே நின்றார்.

கஜானி தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஐயா, இனி மெனு ஒண்டுதான். அதிலை ஒரு நம்பர்தான் நிக்கும். எதைப் போடுறது?"

'என்ரையை' என்ற சொல் நாக்கின் நுனிவரை வந்தது. அவர் மேசையில் கிடந்த தன்னுடைய ஃபோனைப் பார்த்தார். அது காலையிலிருந்து ஒரு தடவையும் அடிக்கவில்லை. நேற்றும் அடிக்கவில்லை.

"அவளின்ரையைப் போடும்," என்றார். "உம்மையும் பிழையா நினைச்சுப்போட்டன், பிள்ளை. மனதிலை வைச்சிருக்காதையும்."

அந்தப் பக்கத்தில் கோபிகா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பொன்னம்பலத்தார் ஃபோனை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"ஞாயிற்றுக்கிழமை குறிப்புகளைக் கொண்டு வா. சிநேகிதியின்ரை தம்பி எண்டு மட்டும் இனிச் சொல்லாதை."