ஜப்பான் கூடையில் ஆட்டிறைச்சிக் குழம்பு

கூடைக்குள் குழம்பு ஊற்றச் சொல்கிற ஆளை என்ன செய்வது? கும்பிட்டு அனுப்புவதா, கையிலிருக்கிற அகப்பையால் ஒன்று போடுவதா? சிவனேஸ்வரிக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. ஆனால் முன்னால் நின்றவள் கடையின் புதிய பங்காளி. அதனால் அகப்பை சட்டிக்குள்ளேயே இருந்தது.

வெள்ளைக்காரர் நாட்டில், டூட்டிங்கில், தேவராசாவின் சாப்பாட்டுக்கடையில் பதினொரு வருஷமாகச் சிவனேஸ்வரிதான் சமையல். காலை ஆறு மணிக்குக் குசினியைத் திறப்பவளும் அவள், கடை முடியப் பூட்டுபவளும் அவள். சமையலறைச் சாவி, அவள் வாயில் குசினித் திறப்பு, ஒரு சிவப்பு நூலில் கட்டுண்டு அவள் கைப்பைக்குள் கிடக்கும். முதலாளி தேவராசாவே "அக்கா, வரலாமோ?" என்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பான். இரண்டாயிரத்து ஏழு மாசியில் கோதை வந்தாள். சென்னைக்காரி, முப்பத்தொரு வயது, சிற்றியில் வங்கி வேலையை விட்டுவிட்டுத் தேவராசாவோடு பங்கு சேர்ந்தவள். அவள் யாரையும் கேட்டுவிட்டுக் கால் வைக்கிற ஆள் இல்லை.

வந்து மூன்றாம் மாதம், ஒரு திங்கட்கிழமை, இரண்டு பெரிய பெட்டிகளைக் கொண்டுவந்து நறுக்கி வைத்த வெங்காயத்தின் மேலேயே வைத்தாள். உள்ளே இருபத்துநாலு மூங்கில் கூடைகள்.

"ஜப்பான்ல கையால பின்னினது ஆன்ட்டி. லஞ்ச் கொண்டுபோற கூடை. பார்த்துத் தொடுங்க, உங்க கை ஈரமா இருக்கு."

சிவனேஸ்வரி கையைத் துடைக்காமலே ஒன்றை எடுத்தாள். பொய் சொல்லக் கூடாது, வடிவான சாமான். மூங்கிலை மெல்லிசாகச் சீவி நெருக்கமாகப் பின்னி, விளிம்பைச் சுற்றிக் கட்டி, அளவான ஒரு மூடியும் போட்டிருந்தார்கள். பாரமே தெரியவில்லை. லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். பின்னலுக்கு நடுவே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வந்தது.

"ஜப்பான்காரர் உதுக்குள்ள என்ன வைச்சுக்கொண்டு போறவை?"

"சோத்து உருண்டை, பொரிச்ச மீன், ஊறுகாய். காத்து போய் வர்றதால சோறு வேர்க்காது."

"அப்ப நாங்களும் உருண்டை பிடிப்பமோ?"

"வேணாம். மட்டன் குழம்பு, பருப்பு, கத்திரிக்காய் பால்கறி, சிவப்பரிசிச் சோறு. சிட்டில ஒரு வக்கீல் கம்பெனி. இருபத்துநாலு பேருக்கு வியாழக்கிழமை லஞ்ச். பிடிச்சுப்போச்சுன்னா வாராவாரம் நமக்குத்தான். பிளாஸ்டிக் கண்ணுலயே படக்கூடாதுன்னு கண்டிஷன்."

"பிள்ளை, உது கூடை. கூடைக்குள்ள குழம்பு நிக்குமோ?"

"அது உங்க பிரச்சினை ஆன்ட்டி. முடியலைன்னா இப்பவே சொல்லிடுங்க. முறையாப் படிச்ச செஃப் ஒருத்தரைப் பார்த்து வச்சிருக்கேன். சாவியை அவர்கிட்ட குடுத்துடலாம்."

சாவி! அடி செருப்பாலே என்று வாய்வரை வந்துவிட்டது. வாசலில் நின்ற தேவராசாவைப் பார்த்தாள். அவன் நல்லவன்தான். ஆனால் யார் என்ன சொன்னாலும் ஓம் போடுகிற நல்லவன். கோதை போனபிறகு மெதுவாகப் பக்கத்தில் வந்தான்.

"அக்கா, இந்த ஓடர் கடைக்கு வேணும். வியாழக்கிழமை ஒழுகாமல் அனுப்பிவிடுங்கோ, போதும். குசினி உங்கட. திறப்பை ஒருத்தரும் கேக்க மாட்டினம். நான் பொறுப்பு."

"சத்தியமோ?"

"சத்தியம் அக்கா."

அந்தச் சத்தியத்தை நம்பித்தான் அவள் வேலையில் இறங்கினாள். அவளுடைய வீட்டில் அரிசி புடைக்கிற மூங்கில் சுளகு ஒன்று இருக்கிறது. அதன் இடுக்கெல்லாம் வெந்தயமும் கடதாசியும் அரைத்துப் பூசி அடைத்தது. ஊறின வெந்தயத்தின் பசை கடதாசியைப் பிடித்துக்கொள்ளும், காய்ந்தால் இறுகிவிடும், ரவைகூடக் கீழே சிந்தாது. சுளகைத் துணியால் துடைப்பாளே ஒழியத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோக மாட்டாள். அதே பூச்சைக் கூடைக்குள் பூசி, மேலே வாட்டின வாழையிலையை இரண்டாக விரித்தால் குழம்பு இலையில் நிற்கும். இலைக்குத் தப்பிக் கசிவதைப் பூச்சு குடித்துக்கொள்ளும்.

கடை வாசலில் சும்மா அடுக்கிக் கிடக்கும் இலவசத் தமிழ்ப் பேப்பர்களில் ஒரு கட்டை அள்ளிக்கொண்டு வந்தாள். சாமிப் படம் போட்ட பக்கங்களையும் மரண அறிவித்தல் பக்கங்களையும் ஒதுக்கிவிட்டு மற்றதைக் கிழித்து ஊறப்போட்டாள். ஐந்து கிலோ வெந்தயம். தோசை மா அரைக்கிற கிரைண்டரில் மூன்று முறை அரைத்தாள். பேப்பர் மை போய்ப் பழுப்புக் களியாகும்வரை விடவில்லை. செவ்வாய் ஒரு பூச்சு, புதன் ஒரு பூச்சு. பின்னலின் ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் விரல் நுனியால் தேய்த்துவிட்டாள். கூடைகளைச் சூடான பொய்லருக்குப் பக்கத்தில் வரிசையாகக் காயவைத்தபோது கடை முழுவதும் வெந்தய வாசம் அடித்தது, சாப்பிட வந்தவர்கள் மூக்கைச் சுருக்கினார்கள். சுருக்கட்டும்!

வியாழக்கிழமை பதினொரு மணிக்குக் கோதை வந்து முதல் கூடையைத் திறந்து இலையைத் தூக்கினாள்.

"என்ன கருமம் இது?"

"வெந்தயம், கடதாசி. ஒழுகாது."

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க? ஒவ்வொண்ணும் கைவேலை! அதுமேல போய் சாணி மாதிரி அப்பி வச்சிருக்கீங்களே, அறிவிருக்கா உங்களுக்கு?"

"சாணி கிடைச்சிருந்தா அதையும் பூசியிருப்பன். டூட்டிங்கில மாடு இல்லை."

கோதையின் முகம் சிவந்தது. அடுத்து என்ன கத்தியிருப்பாளோ தெரியாது, நேரம் போய்க்கொண்டிருந்தது. தேவராசா இரண்டு பேருக்கும் நடுவே புகுந்து கூடைகளைக் கடையின் வான் வண்டியில் ஏற்றினான். கோதை முன் இருக்கையில் ஏறிக் கதவை அடித்துச் சாத்திய சத்தம் தெருவின் அந்தப் பக்கம்வரை கேட்டது.

மூன்று மணிக்குத் தேவராசா சிரித்துக்கொண்டு வந்தான்.

"ஒரு சொட்டு இல்லை அக்கா! வெள்ளைக்காரர் இலையைத் தூக்கித் தூக்கிப் பாக்கினம். இது என்ன பூச்சு எண்டு கேட்டவை. கோதைப்பிள்ளை வடிவா விளங்கப்படுத்தினவா. மூலிகைப் பூச்சாம், தங்கட குடும்பத்தில பரம்பரையாச் செய்யிறதாம்." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. தங்கட குடும்பமாம். காலையில் சாணி, மத்தியானம் மூலிகை. சிவனேஸ்வரிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் சத்தியம் இருக்கிறதே என்று சட்டியைத் தேய்த்தாள்.

வெள்ளிக்கிழமை காலை கோதை ஒரு தாளோடு குசினிக்குள் வந்தாள். பின்னால் தேவராசா, நிலத்தைப் பார்த்தபடி.

"வாராவாரம் ஆர்டர் கன்ஃபர்ம் ஆன்ட்டி. இனிமே எல்லாம் முறைப்படி இருக்கணும். கவுன்சில்லேர்ந்து வந்து பார்த்தா உங்ககிட்ட ஒரு சர்ட்டிபிகேட்கூட இல்லை. திங்கள்லேர்ந்து செஃப் வர்றார். நீங்க காலைல வந்து வெங்காயம், காய்கறி நறுக்கிக் குடுத்துட்டுப் போலாம். சாவியைக் குடுங்க."

சிவனேஸ்வரி தேவராசாவைத்தான் பார்த்தாள். "தம்பி, ஒழுகினதோ?"

"இல்லை அக்கா."

"சத்தியம் பண்ணினியோ?"

அவன் வாய் திறந்தான், ஒன்றும் வரவில்லை. தன் வாழ்நாளில் அவன் ஓம் சொல்லாத ஒரே தருணம் அதுதான். அதையும் இவளுக்கென்று வைத்திருந்தான், பாவி!

அவள் கைப்பையைத் திறந்து திறப்பை எடுத்தாள். சிவப்பு நூலை அவிழ்த்துத் தன் விரலில் சுற்றிக்கொண்டு திறப்பை மட்டும் மேசையில் வைத்தாள். போகத் திரும்பியவளுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. இரண்டு நாள் விரல் தேயப் பூசின கூடை.

"பிள்ளை, அந்தக் கூடையளை..."

"கூடையைப் பத்தி எனக்கு நீங்க பாடம் எடுக்க வேணாம் ஆன்ட்டி. ஜப்பான்லேர்ந்து வரவழைச்சது நான்."

சரி. சிவனேஸ்வரி வாயை மூடிக்கொண்டாள். துடைக்க வேண்டும், கழுவக் கூடாது, ஒவ்வொரு முறையும் காயவைத்து மெல்லிசாக இன்னொரு பூச்சுக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் சொல்ல இருந்தது. தேவராசாவிடமாவது சொல்லியிருக்கலாம், வாசலில்தான் நின்றான். சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. வெங்காயம் நறுக்கவும் வரமாட்டேன் என்றுவிட்டு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை இரண்டு மணிக்குப் போன் அடித்தது. தேவராசா அழாத குறையாகப் பேசினான்.

"அக்கா, எல்லாம் ஒழுகிப் போச்சு. வானுக்குள்ளயே தொடங்கிட்டுது. மேசையில வைச்ச உடன குழம்பு ஓடி அங்கத்தைய பெரியவரின்ர காற்சட்டையில... அக்கா, பூச்சுக் கழண்டு கறிக்குள்ள மிதக்குது. நீங்கள் செய்தது ஒழுகேல்லையே, இது ஏனக்கா?"

"படிச்ச செஃப் இருக்கிறார்தானே. அவரைக் கேள்."

போனை வைத்தாள். நெஞ்சு குளிர்ந்தது. குளிரவில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். காற்சட்டையை நினைத்து இரண்டு முறை தனியாகச் சிரித்தாள். தேவராசாவின் குரலை நினைத்தபோது மட்டும் சிரிப்பு கொஞ்சம் தடக்கியது. சத்தியத்தை நினைத்தாள், தடக்கினது சரியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை வீட்டுக் கதவைத் தட்டினது கோதை. இரண்டு பெட்டிகளையும் தானே மாடிப்படி ஏற்றிக்கொண்டு வந்திருந்தாள், மூச்சு வாங்கியது. உள்ளே வாருங்கள் என்று சிவனேஸ்வரி சொல்லவில்லை. கோதை வாசலிலேயே நின்று பேசினாள்.

"கடைசியா ஒரு சான்ஸ் குடுத்திருக்காங்க. வர்ற வியாழன். நீங்க மறுபடியும் பூசிக் குடுக்கணும்."

"கழுவினனீங்களோ?"

"பின்னே? மட்டன் கறி போன கூடையைக் கழுவாம வைப்பாங்களா? சுடுதண்ணில சோப்புப் போட்டு ஊறவச்சு, சுத்தமா கழுவி மூடி போட்டு அடுக்கி வச்சோம்."

ஈரத்தோடு மூடி போட்டு ஒரு கிழமை. பிறகு மறுபடியும் குழம்பு, மறுபடியும் கழுவல். பெட்டி திறக்காமலே ஒரு புளித்த பூஞ்சண வாடை சிவனேஸ்வரியின் மூக்கில் ஏறியது. உள்ளே என்ன இருக்கிறதென்று அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"முதல் திறப்பு."

"என்னது?"

"குசினித் திறப்பு. செஃபை நிப்பாட்டிப்போட்டுத் திறப்பை இங்க வையுங்கோ. பிறகு கூடையைப் பாப்பம்."

கோதை அவளை எரித்துவிடுகிற மாதிரிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, படியில் இரண்டு அடி இறங்கி நின்று, செஃபிடம் இனி வரவேண்டாம் என்று இங்கிலீஷில் சுருக்கமாகச் சொன்னாள். திரும்பி வந்து தன் சாவிக்கொத்தின் தோல் வளையத்திலிருந்து திறப்பைக் கழற்ற முயன்றாள். நகம் முறிந்தது. "ச்சே" என்றாள். சிவனேஸ்வரி உதவிக்குக் கை நீட்டவில்லை. திறப்பு உள்ளங்கைக்கு வந்ததும் விரலை மூடிக்கொண்டு, அதற்குப் பிறகுதான் குனிந்து பெட்டியைத் திறந்தாள்.

மேலே இருந்த கூடையின் மூடியைத் தூக்கிக் கோதையின் முகத்துக்கு நேரே பிடித்தாள். பின்னல் முழுவதும் கறுப்புப் புள்ளி. மடிப்புகளில் பச்சையாகப் பூஞ்சணம். அடிப்பக்கத்தில் விரலால் அழுத்தினதும் மூங்கில் சிலாம்பு பிளந்து வெளியே வந்தது.

"இதில இனி ஒண்டும் பிடியாது. வெந்தயமும் பிடியாது, பசையும் பிடியாது."

"இருபத்துநாலுமா?"

"வாடையைப் பாருங்கோ. இருபத்துநாலும்தான்."

கோதை பெட்டிக்குள் கைவிட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் திறந்தாள். பன்னிரண்டாவதோடு நிறுத்திவிட்டாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் குரல் இறங்கவில்லை.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. கழுவக் கூடாதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்ல வந்தனான். பாடம் எடுக்க வேண்டாமெண்டனீங்கள்."

"அப்ப சாவியைத் திருப்பிக் குடுங்க. கூடைக்காகத்தானே குடுத்தேன்?"

"திறப்பு குசினிக்கு," என்றாள் சிவனேஸ்வரி. "கூடைக்கில்லை."

கதவைச் சாத்தினாள். படியில் பெட்டிகள் இழுபட்டு இறங்குகிற சத்தம் முடியும்வரை உள்ளே நின்று கேட்டாள். பிறகு சிவப்பு நூலைத் தேடி எடுத்துத் திறப்பில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள்.

திங்கட்கிழமை ஆறு மணிக்குக் குசினியைத் திறந்தபோது பின்வாசலில் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிகள் கிடந்தன. கிளறிக் கிளறி, பூஞ்சணம் குறைவாகப் பிடித்த ஒன்றைத் தேடியெடுத்து வினாகிரியில் துடைத்துக் காயவைத்தாள். அடுப்புக்கு மேலே கொழுக்கியில் மாட்டினாள். யார் உள்ளே வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடம் அது. பதினொரு மணிக்குத் தேவராசா வாசலில் நின்று "அக்கா, வரலாமோ?" என்று கேட்டான். அவள் பதில் சொல்லவில்லை. அவன் வெளியிலேயே நின்றான். அவனுக்குப் பின்னால் வந்த கோதை எட்டிப் பார்த்துக் கூடையைக் கண்டாள்.

அந்த ஜப்பான் கூடைக்குள் சிவனேஸ்வரி வெங்காயம் போட்டு வைத்திருந்தாள்.