வியாழக்கிழமைக்குத் தள்ளச் சொன்ன வழக்கு

நீதிபதி சைராகுலின் மேசையில் அறுபத்துநாலு கட்டுகள் கிடந்தன. வேலித் தகராறு, பாகப்பிரிவினை, செத்த குதிரைக்கு நஷ்டஈடு என்று எல்லாமே உரிமையியல் வழக்குகள். வெள்ளிக்கிழமை காலை, எதை என்றைக்கு விசாரிப்பது என்று அடுத்த வாரப் பட்டியலை அவள் எழுதிக்கொண்டிருந்தபோது, நீதிமன்றத் தலைவர் தொக்தோசுன் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார்.

"திங்கட்கிழமை அந்த உல்கன் கேஸ் இருக்குல்ல? அதை வியாழனுக்குத் தள்ளிடும்மா."

உல்கன், பஜாருக்குப் பின்னால் ரொட்டி சுட்டு விற்கும் விதவை. அவள் வீடிருக்கும் இடத்தில் கடைவளாகம் வரப்போகிறது. செவ்வாய்க்கிழமை இடிப்பு. அதற்குத் தடை கேட்டு அவள் போட்ட மனு அது.

"செவ்வாயே இடிச்சிடுவாங்களே ஐயா. வியாழக்கிழமை எதை விசாரிக்கிறது?"

"தீர்ப்பையா மாத்தச் சொன்னேன்? தேதியைத்தானே." சிரித்துக்கொண்டே ஜன்னலருகே போய் நின்றார். "உன் பொண்ணு பெர்மெத் நடந்தேதான் ஸ்கூலுக்குப் போகுதாமே? பாலம் தாண்டி? அந்த ரோட்ல லாரி ஜாஸ்தி. பாத்துக்கோ."

அவர் போன பிறகுதான் சைராகுலுக்கு உறைத்தது. மகளின் பெயரை அவரிடம் அவள் சொன்னதே இல்லை. பள்ளிக்கு ஃபோன் செய்தாள். வகுப்பில்தான் இருக்கிறாள் என்றார்கள். ஃபோனை வைத்ததுமே மறுபடி கேட்கத் தோன்றியது.

எழுத்தர் நுர்சாத் எட்டிப் பார்த்தாள். "அக்கா, பட்டியலை ஒட்டணும். வியாழன்னு போட்டுடவா?"

"உனக்கு யாரு சொன்னா?"

நுர்சாத் தரையைப் பார்த்தாள். "நானும் இங்கதானே குப்பை கொட்டணும், அக்கா."

தள்ளிவைத்தால் யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. தள்ளாவிட்டால், திங்கட்கிழமைக்குள் தலைவர் கட்டை வேறு நீதிபதியின் மேசைக்கு மாற்றிவிடுவார். சைராகுல் தங்கையை அழைத்து, பெர்மெத்தை உடனே பள்ளியிலிருந்து கூட்டிப்போகச் சொன்னாள். பிறகு நுர்சாத்திடம் திரும்பினாள்.

"இன்னிக்கு மூணு மணி. அவசர மனு. ரெண்டு தரப்புக்கும் சொல்லிடு."

"வேணாம்க்கா."

"சொல்லுடீ."

மூன்று மணிக்கு உல்கன் கைகளில் மாவோடு ஓடிவந்தாள். கட்டுமானக்காரர்களின் வக்கீல் உட்காரக்கூட இல்லை.

"தயாராக எங்களுக்கு அவகாசம் வேணும்."

"எவ்வளவு?"

"வியாழன் வரைக்கும்."

"தாராளமா எடுத்துக்கோங்க. அதுவரைக்கும் வீடும் நிக்கட்டும். வழக்கு முடியிறவரைக்கும் யாரும் கைவைக்கக் கூடாது."

குரல் கெட்டியாகத்தான் வந்தது. ஆனால் கையெழுத்துப் போடும்போது தன் பெயரிலேயே ஓர் எழுத்தை விட்டுவிட்டாள். அடித்துத் திருத்த வேண்டியிருந்தது.

மாலையில் நீதிமன்ற வாசலில் நம்பர் இல்லாத சாம்பல் நிறக் கார் நின்றது. உள்ளேயிருந்தவன் கண்ணாடியை இறக்கினான். அவன் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"வீட்டுக்கா, மேடம்? தங்கச்சி வீட்டுக்கா?"

சைராகுல் தெருவில் இறங்கினாள். ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தாள். கார் அவள் வேகத்துக்கே பின்னால் ஊர்ந்து வந்து, தெருமுனையில் திரும்பிப் போய்விட்டது.

இரண்டே வாரத்தில் கணவாய்க்கு அப்பாலிருந்த சின்ன ஊருக்கு அவளை மாற்றினார்கள். மகளையும் கூட்டிப்போனாள். அந்தக் குளிர்காலம் முழுக்க உல்கனின் வீடு இடிபடாமல் நின்றது. பனி உருகும் சமயத்தில் நுர்சாத் ஃபோன் செய்தாள்.

"அக்கா, புது ஜட்ஜ் தீர்ப்பு சொல்லிட்டாரு! பஜார்லயே அடுப்போட வேற வீடு குடுத்தப்புறம்தான் இடிக்கணுமாம். கேக்குதா?"

சைராகுல் ஃபோனை வைக்காமலே எழுந்துபோய், வாசல்கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தாள்.

"கேக்குது, சொல்லு" என்றாள்.